கம்பளிச் சூரியன், நூல் பவளம்



இந்த அறக்கட்டளை எந்த அம்மையாரின் நினைவாக நிறுவப்பட்டிருக்கிறதோ, அவர் பல்லாண்டுகள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். அதனால்தான் தையலையே பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் சொல்லப்போகும் தையல் வெகுதூரம் போகிறது. வியாழனின் நிலா வரைக்கும், செவ்வாயின் தரை வரைக்கும் போகிறது.

உயிர் எப்படித் தோன்றியது, பூமிக்கு வெளியே எங்காவது இருக்கிறதா, இருக்கிற உயிரின் எதிர்காலம் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து ஆராயும் துறைக்கு வானுயிரியல் என்று பெயர். மற்றத் துறைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் இதற்கு உண்டு. தாவரவியலாருக்கு ஆயிரம் செடிகள், விலங்கியலாருக்கு ஆயிரம் பிராணிகள். வானுயிரியலாருக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு மாதிரி, அதாவது பூமியின் உயிர். பாக்டீரியாவும் பனைமரமும் நாமும் டி.என்.ஏ.வை வைத்துப் பிழைக்கும் ஒரே வம்சம். இரண்டாவது மாதிரி கிடைக்கும்வரை, உயிர் இன்னும் எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்பதைக் கணக்கிலும் ஆய்வகத்திலும் கற்பனையிலும்தான் தேடியாக வேண்டும். ஊசியாலும் தேடலாம், தேடியிருக்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எல்லன் ஹார்டிங் பேக்கர் என்றொரு பெண் இருந்தார். 1847இல் பிறந்தவர். அவர் தைத்த போர்வை ஒன்று இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 225 சென்டிமீட்டருக்கு 269 சென்டிமீட்டர். கரிய கம்பளித் துணியின் நடுவே பெரிய சூரியன், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோள்களின் பாதைகள், கோள்களைச் சுற்றி நிலாக்கள், ஒரு மூலையில் வால்நட்சத்திரம், விளிம்புகளில் விண்மீன்கள். 'சூரியக் குடும்பம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களையும் தம் பெயரையும் 1876 என்ற ஆண்டையும் அதிலேயே தைத்திருக்கிறார். நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலைப்பாடு விளங்கும். ஒரு துணியின்மேல் வேறு நிறத் துணியை வடிவமாக வெட்டி வைத்து ஓரம் தைப்பது. அதோடு பட்டு நூலிலும் கம்பளி நூலிலும் பூத்தையலும் போட்டிருக்கிறார்.

இதைக் கட்டிலில் விரிக்க அவர் தைக்கவில்லை. வெஸ்ட் பிராஞ்ச், மாஸ்கோ, லோன் ட்ரீ என்ற அயோவாவின் சிற்றூர்களில் வானியல் பாடம் சொல்ல இதைக் கொண்டுபோனார். ஏழு குழந்தைகளைப் பெற்ற பெண். போர்வையை முடிக்க ஏழு ஆண்டுகள் பிடித்தன என்றும், வால்நட்சத்திரத்தையும் சூரியப் புள்ளிகளையும் தொலைநோக்கியில் பார்க்க சிகாகோ போய்வந்தார் என்றும் 1883இல் ஒரு செய்தித்தாள் எழுதியது. 1886இல் காசநோயில் இறந்துபோனார். முப்பத்தொன்பது வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. அவருடைய பாடக்குறிப்புகள் என்று நமக்கு எதுவும் கைக்கு வரவில்லை. இந்தத் துணிதான் அவர் நடத்திய பாடம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தத் துணியில் வியாழன் இருக்கும் இடத்துக்கு வருவோம். அவர் காலத்தில் வியாழனுக்குத் தெரிந்த நிலாக்கள் நான்குதான். 1610இல் கலிலியோ கண்டவை. ஐந்தாவது நிலா தெரியவந்ததே 1892இல், பேக்கர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து. ஆக, அவர் ஊசி குத்திய நான்கு புள்ளிகளில் ஒன்று யூரோப்பா. இன்று பூமிக்கு வெளியே உயிர் இருக்கக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டால் முதல் வரிசையில் வரும் பெயர் அது. அதன் பனி ஓட்டுக்குக் கீழே உப்புக்கடல் ஒன்று இருப்பதாகக் காந்தப்புல அளவீடுகள் காட்டுகின்றன. பூமியின் கடல்களைப்போல் இருமடங்கு தண்ணீர் அதில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அங்கே உயிர் பிழைக்கத் தக்க சூழல் உண்டா என்று பார்க்க 2024 அக்டோபர் 14 அன்று நாசா யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தை ஏவியது. 2030 ஏப்ரலில் அது வியாழனை அடையும். லோன் ட்ரீ ஊர்க்காரர்களுக்கு அது கம்பளியில் ஒரு பொட்டு. ஆனால் அதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, அது ஒரு கோளைச் சுற்றுகிறது என்ற உறவோடு ஒதுக்கப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதற்குரிய இடத்தில் வைத்துக் காட்டுவதே பாடத்தில் பாதி என்பேன்.

பேக்கரின் போர்வை மூலையில் இருக்கும் வால்நட்சத்திரத்துக்கும் துணியில் பழைய சொந்தம் உண்டு. 1066இல் தோன்றிய ஹேலி வால்நட்சத்திரத்தை பிரான்சின் பேயோ திரைச்சீலையில் கம்பளி நூலால் தைத்திருக்கிறார்கள். கீழே மனிதர்கள் அண்ணாந்து விரல் நீட்டுகிறார்கள். அன்று அது அரசனுக்கு வரும் கேட்டின் அறிகுறி. 1986இல் ஜியோட்டோ விண்கலம் அதே வால்நட்சத்திரத்தின் அருகே பறந்து, அதன் தூசியில் கரிமப் பொருள்கள் நிறைந்திருப்பதைக் கண்டது. வேறொரு வால்நட்சத்திரத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலமே இருப்பதை 2016இல் ரொசெட்டா விண்கலத்தின் ஆய்வு உறுதிசெய்தது. புரதத்தின் செங்கற்களில் ஒன்று அது. உயிருக்கான மூலப்பொருள்களில் ஒரு பங்கு பூமிக்கு வானிலிருந்து வந்து இறங்கியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இவையெல்லாம் வலுச்சேர்க்கின்றன.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். குரோஷா.

நம் வீடுகளில் டி.வி.மேல் விரிக்கவும் மேசைக்கும் குரோஷா ஊசியால் பின்னிய விரிப்புகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வட்டமாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் சரியான எண்ணிக்கையில் கண்ணிகளைக் கூட்டினால் விரிப்பு தட்டையாக வரும். குறைவாகக் கூட்டினால் கிண்ணம்போல் குவியும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் இடம் பற்றாமல் அலையலையாகச் சுருங்கி எழும். கற்றுக்கொள்ளும் பிள்ளை அப்படிப் பின்னிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி போடு என்போம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாத்வியக் கணிதவியலாளர் 1997இல் அந்த அலையைப் பிரிக்காமல் வேண்டுமென்றே வளர்த்தார்.

யூக்ளிடின் தட்டைத் தளத்தில் ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொயாய், லொபசேவ்ஸ்கி இருவரும், பல இணைகோடுகள் வரையக்கூடிய வேறொரு வடிவியலை வகுத்துக் காட்டினார்கள். அதுதான் அதிபரவளைய வடிவியல். அதன் தளத்தைக் கையில் எடுத்துக் காட்டுவது சிரமம். காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோயின. டைமினாவின் வழி மிக எளிது. இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு என்ற ஒரே விதியைக் கடைசிவரை மாற்றாமல் பின்னிக்கொண்டே போவது. கிடைத்த சுருக்கத் துணியின்மேல் வேறு நிற நூலால் நேர்க்கோடுகளைத் தைத்து, ஒரு புள்ளி வழியாகப் பல கோடுகள் சென்றும் எதுவும் அந்தப் புள்ளிக்கு வெளியே உள்ள கோட்டைத் தொடாததை மாணவர்களுக்குக் காட்டினார். அதைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 2012இல் ஆய்லர் பரிசு கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய இரட்டைச் சகோதரிகள் மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம். ஒருவர் அறிவியல் எழுத்தாளர், மற்றவர் கலைஞர். 2005இல் இவர்கள் டைமினாவின் பின்னலை எடுத்துக்கொண்டு ஒரு பவளப்பாறையையே பின்னத் தொடங்கினார்கள். சொந்த ஊர்ப்பக்கம் கிரேட் பேரியர் ரீஃப் வெளுத்துச் சாவதைக் கண்ட வேதனைதான் காரணம். கணித விதியை அப்படியே கடைப்பிடித்தால் ஒழுங்கான சுருக்கம் வந்தது. அழகுதான், ஆனால் உயிர் இல்லை. விதியைச் சற்றுத் தளர்த்தி, இங்கே நாலு கண்ணிக்கு ஒன்று, அங்கே ஏழுக்கு ஒன்று, நடுவில் நூலை மாற்று, ஓர் இடத்தில் நிறுத்திக் கிளை பிரி என்று ஆரம்பித்ததும் கடற்பஞ்சும் கடல் நத்தையும் மான்கொம்புப் பவளமும் போன்ற உருவங்கள் தாமாக வந்தன. ஒருத்தி கண்டுபிடித்த மாற்றம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கைக்குப் போய், அங்கே இன்னொரு மாற்றம் சேர்ந்து, அவளிடமிருந்து இன்னொருத்திக்குப் போயிற்று. வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பல நாடுகளில் ஊர் ஊராகத் துணைப்பாறைகள் பின்னப்பட்டன. 2019 வெனிஸ் பினாலேயில் இது காட்சிக்கு வந்தது. 2022இல் ஜெர்மனியின் பாடன் பாடன் நகரில் வைக்கப்பட்ட பாறைக்கு ஏறத்தாழ 4,000 பேர் பின்னி அனுப்பியிருந்தார்கள்.

உயிரின் பரிணாமத்தோடு இதை வெர்தைம் சகோதரிகளே ஒப்பிட்டிருக்கிறார்கள். ஓர் எளிய குறியீடு, திரும்பத் திரும்பப் படி எடுத்தல், படி எடுப்பதில் சிறு மாறுதல், மாறுதலிலிருந்து புதுவகை. ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் அதன் எல்லையைச் சொல்லியாக வேண்டும். இயற்கையில் எது நிலைக்கும் என்பதை வெப்பமும் பசியும் பகையும் தீர்மானிக்கின்றன. பின்னலில் பின்னுகிறவளின் கண் தீர்மானிக்கிறது. அந்தக் கண் ஏற்கெனவே பவளத்தைப் பார்த்திருக்கிறது.

பவளம் ஏன் இப்படிச் சுருங்கிச் சுருங்கி விரிகிறது? கடலில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தேடிவரும் வெளிச்சத்தையும் இரையையும் பிடித்துப் பிழைக்கும் பிராணிக்கு, சிறு இடத்தில் மேற்பரப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு லாபம். விளிம்பு நடுப்பகுதியைவிட வேகமாக வளர்ந்தால் தளம் மடிந்தே தீரும். டைமினாவின் விதியும் அதேதான்.

இந்த இடத்தில் ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. டைமினா பின்னிய அதே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்ல் சேகன் நிறுவனம் இருக்கிறது. அங்கே ஜாக் ஓமலி ஜேம்ஸ், லிசா கால்டெனெக்கர் இருவரும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில பவளங்கள் தம்மீது விழும் புற ஊதாக் கதிரை வாங்கி, தீங்கு குறைந்த கண்ணுறு ஒளியாக மாற்றி உமிழ்கின்றன. நமக்கு மிக அருகில் இருக்கும் பிராக்சிமா செந்தாரி போன்ற சிவப்புக் குறுமீன்கள் அடிக்கடி புற ஊதாக் கதிரை வீசி வெடிக்கின்றன. அவற்றைச் சுற்றும் கோள் ஒன்றில் பவளத்தைப்போல் தற்காத்துக்கொள்ளக் கற்ற உயிர்கள் நிறைந்திருந்தால், ஒவ்வொரு வெடிப்பின்போதும் அந்தக் கோள் சற்றுநேரம் ஒளிர்ந்து அடங்கும். வருங்காலத் தொலைநோக்கிகளால் அதைப் பிடிக்க முடியலாம் என்பது அவர்கள் கணிப்பு. பிராக்சிமா 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே உயிரைத் தேடும் வழியைச் சொல்லிக்கொடுத்தது கடலடியில் இருக்கும் பவளம். அது சாகும்போது நாம் ஒரு பாடப்புத்தகத்தையும் இழக்கிறோம்.

இனிச் சொல்வதைத்தான் மாணவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து மெதுவாக இழுத்துக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த ஓரம் அலைக்குள் அலையாக, கீரை விளிம்புபோலச் சுருண்டு நிற்கும். டெக்சஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2002இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். கிழியும்போது விளிம்பு நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. நீண்டது இடம் பற்றாமல் மடிகிறது. பிளாஸ்டிக்குக்கு உயிர் இல்லை. ஆனால் வடிவம் அதேதான். குரோஷா பின்னுகிற கை இதை எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறது: எளிய விதி ஒன்று போதும், உயிர் போன்ற வடிவம் வந்துவிடும். அப்படியென்றால் உயிர் போன்ற வடிவத்தைக் கண்டதும் உயிர் என்று சொல்லிவிட முடியாது.

வானுயிரியல் இந்தப் பாடத்தை எல்லோரும் பார்க்கக் கற்றது. 1984இல் அண்டார்டிகாவில் எடுக்கப்பட்ட ஏ.எல்.எச். 84001 என்ற விண்கல் செவ்வாயிலிருந்து வந்தது. 1996 ஆகஸ்டில் டேவிட் மெக்கேயும் அவர் குழுவினரும் அதில் பழங்கால நுண்ணுயிரின் தடங்கள் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அமெரிக்க ஜனாதிபதியே அதைப் பற்றிப் பேசினார். உலகப் பத்திரிகைகளில் வந்தது மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்த புழு வடிவம். அவர்கள் வேறு சான்றுகளையும் முன்வைத்தார்கள் என்றாலும் மக்கள் மனத்தில் பதிந்தது அந்தப் புழுதான். பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு சான்றுக்கும் உயிர் சாராத விளக்கமும் இருப்பதை மற்றவர்கள் காட்டினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த முடிவை ஏற்பதில்லை. இத்துறைக்கு அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. எதைச் சான்றாக ஏற்பது என்பதை வகுத்துக்கொள்ள அந்த விவாதம்தான் எல்லோரையும் உட்கார வைத்தது.

அதன் பயனை இப்போது செவ்வாயில் பார்க்கிறோம். நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஒரு பாறையைக் கண்டது. செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கருத்த விளிம்புள்ள சிறு சிறு வெளிர்ப் புள்ளிகள், அதனால் சிறுத்தைப் புள்ளிகள் என்ற செல்லப்பெயர். பூமியில் அப்படிப்பட்ட புள்ளிகளோடு நுண்ணுயிர்கள் சம்பந்தப்படுவது உண்டு. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை 'உயிர்த்தடமாக இருக்கக்கூடியது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. அங்கே காணப்பட்ட இரும்புக் கனிமங்கள் உயிர் இல்லாமலும் உண்டாகலாம் என்பதையும் அதே கட்டுரை விரிவாகப் பேசியது. புள்ளியைக் கண்டு மயங்காத அந்த நிதானத்தை நான் வணங்குகிறேன்.

அந்த ஊர்தி செவ்வாயில் இறங்கும் வழியில் ஒரு பகுதியைக் கடந்ததே துணியில் தொங்கித்தான். 2021 பிப்ரவரி 18 அன்று விரிந்த அதன் பாராசூட் 21.5 மீட்டர் விட்டம். ஆரஞ்சும் வெள்ளையுமாக வெட்டி இணைத்த பட்டைகளில், ஊர்தியை உருவாக்கிய ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தின் தாரக வாசகத்தை ஒன்று, சுழி என்ற இருமக் குறியீட்டில் மறைத்து வைத்திருந்தார்கள். படம் வெளியான சில மணி நேரத்தில் பொதுமக்களே அதைப் படித்துவிட்டார்கள். துணியில் செய்தி தைக்கும் பழக்கம் இங்கே பொறியாளர் கைக்குப் போயிருக்கிறது.

இன்னொரு துணியும் அங்கே இருக்கிறது, இதைச் சொல்ல எனக்கு மிகுந்த ஆசை. ஊர்தியின் கைநுனியில் கரிமப் பொருளைத் தேடும் ஷெர்லாக் என்ற கருவி உண்டு. அதைச் சரிபார்க்க ஊர்தியின் முன்புறத்தில் ஒரு சிறு பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரிசையில் விண்வெளி உடைக்கான பொருள்களின் சிறு துண்டுகள்: தலைக்கவசக் கண்ணாடிக்கான பாலிகார்பனேட், கையுறையின் உள்ளங்கைக்கான வெக்ட்ரன், டெஃப்ளான், வெளியுறைக்கான ஆர்த்தோஃபேப்ரிக். இந்தக் கடைசித் துணி நோமெக்ஸ், கோர்டெக்ஸ், கெவ்லார் மூன்றும் சேர்ந்த நெசவு. செவ்வாயின் வெயிலிலும் புழுதியிலும் எந்த இழை எவ்வளவு காலம் தாங்கும் என்று கருவி அவ்வப்போது பார்க்கிறது. அதே பலகையில் ஓமன் பாலைவனத்தில் 1999இல் கிடைத்த செவ்வாய்க் கல்லின் துண்டு ஒன்றும் இருக்கிறது. பூமியில் விழுந்த கல் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, பக்கத்தில் நாம் நெய்த துணி.

இதுவரை நமக்கு உறுதியாகத் தெரிந்தவரை, பேரண்டத்தில் உயிர் இருப்பது பூமியிலும் அதைச் சுற்றும் விண்வெளி நிலையங்களிலும்தான். அந்த நிலையங்களில் ஒன்றிலும் 2013இல் தையல் நடந்தது. கேரன் நைபெர்க் என்ற விண்வெளி வீராங்கனை விண்மீன் வடிவத்தில் ஒரு துணிச்சதுரம் தைத்தார். எடையில்லாத இடத்தில் துணி மேசையில் படுக்காது; அதை வெட்டுவதுதான் பெரிய பாடு என்று காணொளியில் செய்தே காட்டினார். அவர் அழைப்பை ஏற்றுப் பல நாடுகளிலிருந்தும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன் சதுரங்கள் வந்து சேர்ந்தன. உணவுப் பெட்டியின் உள்துணியையும் பழைய சட்டைத் துண்டையும் வைத்துத் தம் சிறு மகனுக்கு ஒரு டைனோசர் பொம்மையும் அங்கேயே தைத்தார்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: இருக்கிற உயிரின் எதிர்காலம். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி நின்றால் பவளம் தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் உணவில் பெரும்பங்கும் அந்தப் பாசி தருவது. அது போனதும் வெள்ளைக் கூடு தெரிகிறது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். வெர்தைம் சகோதரிகள் வெள்ளை நூலில் ஒரு வெளுத்த பாறையும், பிளாஸ்டிக் பைகளைக் கீற்றுகளாக வெட்டி ஒரு நச்சுப் பாறையும் பின்னினார்கள். தங்கள் வீட்டில் சேர்ந்த பிளாஸ்டிக்கை நான்கு ஆண்டுகள் வெளியே எறியாமல் சேர்த்தும் காட்சிக்கு வைத்தார்கள்.

நமக்கு இது அன்னியக் கதை அல்ல. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் உண்டு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் அதை வெட்டி எடுத்தோம். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வெட்டு நின்றது, வெப்பம் நிற்கவில்லை.

ஆகவே இந்தக் கல்லூரியிடம் ஒரு வேண்டுகோள். மனையியல் துறைப் பிள்ளைகளும் விலங்கியல் துறைப் பிள்ளைகளும் சேர்ந்து மன்னார் வளைகுடாப் பவளங்களைப் பின்னட்டும். விலங்கியல் மாணவர்கள் ஒவ்வொரு வகைக்கும் அளவும் கிளை பிரியும் முறையும் எழுதிக் கொடுக்கட்டும். பின்னுகிறவர்கள் எத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டியபோது எந்த உருவம் வந்தது என்று நோட்டில் குறித்துவைக்கட்டும். கலைக்கு அது பதிவு, அறிவியலுக்கு அது தரவு. கண்காட்சி வைக்கும் நாளில் ஒரு மேசையில் மட்டும் பெயர்ச்சீட்டு வேண்டாம். கடற்கரையில் கரை ஒதுங்கிய சிப்பி, உப்பளத்தில் படிந்த உப்புப் படிகம், கிழித்த பிளாஸ்டிக்கின் ஓரம், வாடிய கோழிக்கொண்டைப்பூ, பின்னிய பவளம் ஆகியவற்றை வரிசையாக வைத்து, இவற்றில் எது உயிர் செய்தது, எப்படிச் சொல்கிறீர்கள் என்று வருகிறவர்களைக் கேளுங்கள். விடையைவிட அவர்கள் சொல்லும் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்கு வேண்டிய நூலும் ஊசியும் என் பொறுப்பு.